பவர் ஏத்தியாச்சு... பிரேக் ஆயில் மாத்தினீங்களா? - இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு நாள்

ஈ.சி.ஆர் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கம். இரவு பத்தரை மணிக்கு மேல் தூரத்தில் ஓர் உறுமல் கேட்கும். கிட்டே வரும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். கடந்து போனதும் சைலன்சரில் இருந்து பட்டாசு மாதிரி நாலு வெடி. ‘எவன் பெத்த புள்ளையோ, வீடு போய்ச் சேரணும்’ என்று முணுமுணுத்துவிட்டுப் புரண்டு படுப்போம். அப்படிப்பட்ட ‘புள்ளை’களில் ஒருவர்தான் இந்தக் கட்டுரையின் நாயகன்.

வயது 34. ஐ.டி வேலை. மனைவி, ஐந்து வயதில் ஒரு மகள். பத்து வயதான இரண்டு கதவு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கினார். கம்பெனியில் இருந்து வந்தபோது அதன் சக்தி 180 குதிரைத்திறன். இன்ஜின் கம்ப்யூட்டரை ‘ரீமேப்’ செய்து, சைலன்சரை மாற்றி, பெரிய ஏர் ஃபில்டர் வைத்து, இப்போது 250 என்கிறார். தரையோடு ஒட்டினாற்போல் காரை இறக்கியும் இருக்கிறார். செலவு ஐந்து லட்சத்துக்கு மேல். காரின் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சென்னையில் அந்த மாடல் மிகச் சிலரிடமே இருக்கிறது. பெயர் போட்டால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அவர் தயங்குவதற்குச் சட்டரீதியான காரணமும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் மனைவி ஒரு நாள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாராம். “இந்த வண்டிய ஒண்ணு வித்துடுங்க. இல்ல, ஓட்ட வேண்டிய இடத்துல போய் ஓட்டுங்க. ராத்திரி ரோட்டுல வேணாம்.” இருங்காட்டுக்கோட்டைக்குக் கிளம்பியது அப்படித்தான். மனைவியும் அப்பாவும் கூடவே வந்தார்கள். காரை விற்பதா வைத்துக்கொள்வதா என்பதை அன்று மாலைக்குள் முடிவு செய்வதாக ஏற்பாடு. காரை எடைபோட நம்மையும் கூப்பிட்டிருந்தார்.

பந்தயம் இல்லாத பந்தயத் திடல்

சென்னையில் இருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர். ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கும் அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் இந்த டிராக்கும் இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கப்பட்டது. அப்போதெல்லாம் ரேஸ் என்றால் சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி வைத்து கார்களும் பைக்குகளும் சீறின. கட்டுச்சோற்றுடன் குடும்பமாகப் போய்ப் பார்த்த கதை உங்கள் வீட்டுத் தாத்தாவிடம் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். ரேஸுக்கென்றே கட்டப்பட்ட டிராக் 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் வந்தது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா 1 போட்டியில் ஓட்டிய முதல் இந்தியரானார். சென்னையின் கருண் சந்தோக் 2010-ல் அங்கே போய்ச் சேர்ந்தார். தமிழ்நாட்டில் இருந்து இரண்டு பேர் அவ்வளவு தூரம் போனதில் இங்குள்ள டிராக்குகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

ரேஸ் இல்லாத நாள்களில் டிராக்கை வாடகைக்கு எடுத்து, பொதுமக்களைச் சொந்தக் காரில் ஓட்டவிடுவதுதான் ‘டிராக் டே’. இதில் பரிசு, கோப்பை, முதலிடம் எதுவும் கிடையாது. எதிரே லாரி வராது, குறுக்கே மாடு வராது, ராங் சைடில் ஸ்கூட்டர் வராது. ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். காரையும் உங்களையும் நீங்களே பரீட்சை பண்ணிக்கொள்ளலாம்.

காலை ஏழரைக்கு முதல் கையெழுத்து. ‘எனக்கோ என் வண்டிக்கோ எது நடந்தாலும் நானே பொறுப்பு’ என்ற உறுதிமொழித் தாள். மனைவி அதை மேலிருந்து கீழே இரண்டு முறை படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பேனாவை நீட்டினார்.

அடுத்தது வண்டிச் சோதனை. ஆயில் ஒழுகுகிறதா, பேட்டரி இறுக்கமாக இருக்கிறதா, டயரில் வெடிப்பு உண்டா, இழுத்துச் செல்லும் கொக்கியை மாட்டியாயிற்றா என்று பார்க்கிறார்கள். ஆடுகிற, உருளுகிற எதுவும் காருக்குள் இருக்கக் கூடாது. தண்ணீர் பாட்டில், குழந்தையின் பொம்மை, குடை, டிக்கியில் கிடந்த ஸ்டெப்னி எல்லாம் வெளியே வந்தன. டேஷ்போர்டுப் பிள்ளையாரையும் இறக்கச் சொன்னார்கள். கடுமையாகப் பிரேக் போடும்போது அவரும் பறப்பார் இல்லையா! அவர் மனைவியின் கைப்பைக்குள் போனார்.

பிறகு கொடிப் பாடம். மஞ்சள் காட்டினால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, யாரையும் முந்தாதே. நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது, வழிவிடு. சிவப்பு என்றால் எல்லாரும் மெதுவாகத் திரும்பி வர வேண்டும். கறுப்பு உங்களுக்கு மட்டும்: பிட்டுக்கு வா, பேச வேண்டும். நேர்பாதையில் மட்டும்தான் முந்தலாம், அதுவும் முன்னால் போகிறவர் இண்டிகேட்டர் போட்டு அனுமதித்தால்தான். நம் நூறடி சாலையில் இதில் பாதி இருந்தால்கூட எவ்வளவு நன்றாக இருக்கும்!

முதல் பதினைந்து நிமிடம்: எங்கே போச்சு 70 குதிரை?

ஒரு செஷன் பதினைந்து நிமிடம். ஹெல்மெட் போட்டுக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். முதல் சுற்று நிதானமாக, டயர் சூடாவதற்கு. இரண்டாவது சுற்றில் நேர்பாதைக்கு வந்ததும் அழுத்தினார். சீட் முதுகைப் பிடித்துத் தள்ளியது. 180-ஐத் தொட்டது முள். அந்தச் சுகத்தைப் பொய் சொல்லி மறைக்க மாட்டேன். நாற்பதைத் தாண்டிய ஆசாமியைக்கூடச் சிரிக்க வைக்கிற சுகம் அது.

ஆனால், நான்காவது சுற்றில் அதே நேர்பாதையில் அந்தத் தள்ளல் இல்லை. ஐந்தாவதில் இன்னும் குறைவு. இறங்கியதும் போனில் இருந்த ஸ்கேனர் ஆப்பைக் காட்டினார். இன்ஜின் உறிஞ்சும் காற்றின் வெப்பம் காலையில் 42 டிகிரியாக இருந்தது. இப்போது 70-ஐத் தாண்டியிருந்தது.

டர்போ இன்ஜினில் காற்றை அமுக்கித் திணிக்கிறார்கள். அமுக்கினால் காற்று சூடாகும். சைக்கிளுக்கு பம்ப் அடித்தவர்கள் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்திருந்தால் தெரியும். அந்தக் காற்றைக் குளிர வைக்கத்தான் இன்டர்கூலர் என்ற ரேடியேட்டர் இருக்கிறது. 180 குதிரைக்காக வைத்த இன்டர்கூலரால் சென்னை வெயிலில் 250 குதிரைக்குத் தொடர்ந்து ஈடுகொடுக்க முடியவில்லை. காற்று ரொம்பச் சூடானால் இன்ஜின் கெட்டுவிடும் என்பதால், காரின் கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்துவிடுகிறது. ரோட்டில் பத்து விநாடி அழுத்திவிட்டு சிக்னலில் நிற்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. காசு கொடுத்து வாங்கிய குதிரைகள் மூன்று சுற்றுக்கு மேல் ஓட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டன!

டயரிலும் இதே கதை. காலையில் 34 இருந்த காற்றழுத்தம், ஓடி வந்தபின் 41 காட்டியது. காற்று அதிகமானால் டயர் பலூன் மாதிரி நடுவில் உப்பும், ரோட்டைப் பிடிக்கும் பரப்பு குறையும். திருப்பங்களில் கார் வழுக்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு விஷயம். டிராக்கில் இருந்து வந்து நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. தகிக்கும் டிஸ்க்கைப் பேட் கவ்விக்கொண்டே நின்றால் கோணலாகிவிடும், ஒட்டிக்கொள்ளவும் செய்யும். கியரில் நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல் வைப்பதுதான் வழக்கம். அந்தக் கல்லை, யாரும் சொல்லாமலே, அவருடைய அப்பா எடுத்து வந்து வைத்தார். அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நாமக்கல் - கொல்லிமலை ரூட்டில் பல வருடங்கள் ஓட்டியவர். அந்த மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள்.

இரண்டாவது செஷன்: கீழே போன பெடல்

மூன்றாவது சுற்று. நேர்பாதை முடிந்து திருப்பத்துக்கு முன்னால் பிரேக்கை மிதித்தார். கால் வழக்கத்தைவிட ரொம்பக் கீழே போனது. கார் குறைய வேண்டிய அளவுக்கு வேகம் குறையவில்லை. “சார்...” என்றார், அவ்வளவுதான். மறுபடி மறுபடி பெடலைப் பம்ப் பண்ணினார், கியரைக் குறைத்தார். கார் திருப்பத்தின் வெளிப்பக்கம் மண்ணில் இறங்கி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு நின்றது. யாருக்கும் ஒன்றும் இல்லை. காருக்கும் கீறல் இல்லை. அந்த இடத்தில் மோதுவதற்கு எதுவும் இல்லாமல் வெறும் மண்ணாக விட்டிருக்கிறார்கள். மஞ்சள் கொடி அசைந்தது. ஹஸார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஊர்ந்தபடி பிட்டுக்குத் திரும்பினோம்.

அப்பா குனிந்து சக்கரத்தருகே மூக்கைக் கொண்டுபோனார். “காஞ்சு போயிருக்கு. கொல்லிமலை இறங்கறப்ப இந்த வாசனை வந்தா வண்டிய ஓரங்கட்டிட்டு டீ குடிக்கப் போயிடுவோம். ஆர்ற வரைக்கும் எவனும் எடுக்க மாட்டான்” என்றார். பிறகு மகனைப் பார்த்து, “பிரேக் ஆயில் எப்படா மாத்தின?”

“சர்வீஸ்ல மாத்தியிருப்பாங்கப்பா.”

போனில் இருந்த சர்வீஸ் பில்களைத் தேடினார்கள். கடைசியாக மாற்றி மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பவர் ஏற்றிக்கொடுத்த பட்டறையில் யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

எளிய கணக்கு ஒன்று. 1,300 கிலோ கார் 180 கி.மீ வேகத்தில் வந்து 80-க்குக் குறைகிறது. அதற்கு மூன்று, நான்கு விநாடிகள் ஆகின்றன. அந்த நேரத்தில் பிரேக்கில் உண்டாகும் வெப்பத்தைக் கொண்டு நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். கேஸ் அடுப்பில் அதற்கு எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும். அதுவும் ஒரு தடவைதான். ஒரு சுற்றில் இப்படிப் பல தடவை மிதிக்க வேண்டியிருக்கிறது, அடுத்த சுற்றில் மறுபடியும்.

நாம் மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டுபோவது பிரேக் ஆயில். அதற்கு ஒரு கெட்ட குணம்: காற்றில் உள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் திறந்து வைத்த உப்பு ஜாடி மாதிரி. பரவலாகப் பயன்படும் ‘டாட் 4’ ரக ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. அதில் 3.7 சதவிகிதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால், 155 டிகிரி வரை தாங்கினாலே போதும் என்பதுதான் தர விதி. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும். பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. பயம் தரும் விஷயம் என்னவென்றால், ஆறியதும் பெடல் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். ‘அப்பவே சரியாத்தானே இருந்துச்சு’ என்று ஏமாந்துவிடுவோம்.

இதை எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தபோது மனைவி மெதுவாகச் சொன்னார்: “போன மாசம் இதே வண்டியிலதான பாப்பாவக் கூட்டிக்கிட்டு ஏற்காடு போயிட்டு வந்தோம்?”

யாரும் பதில் சொல்லவில்லை.

(உங்கள் வீட்டு சாதாரணக் காருக்கும் இது பொருந்தும். பிரேக் ஆயிலை எப்போது மாற்ற வேண்டும் என்று காரோடு வந்த புத்தகத்தில் போட்டிருப்பார்கள். பல கார்களுக்கு இரண்டு வருடம். கி.மீ ஓடாமல் நின்றிருந்தாலும் மாற்ற வேண்டும், ஏனென்றால் நிற்கும்போதும் அது ஈரம் குடிக்கும். மலைப்பயணம் கிளம்பும் முன் பில்லை ஒரு தரம் எடுத்துப் பாருங்கள்.)

பெரியவர் ஓட்டினார்

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்து பிட்டில் இருந்த ஒருவர் ரேஸ் தரத்து பிரேக் ஆயில் பாட்டிலைக் கொடுத்து உதவினார். ஜாக்கி வைத்துத் தூக்கி, அப்பா உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, மகன் ஒவ்வொரு சக்கரமாக ஏர் எடுத்தார். பழைய ஆயில் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. புதியது இளமஞ்சள்.

ஒரு காலத்தில் இதே டிராக்கில் போட்டிகளில் ஓட்டிய பெரியவர் ஒருவர் அன்று புதியவர்களுக்கு ஆலோசனை சொல்ல வந்திருந்தார். ‘ஒரு தடவை ஓட்டிப் பாருங்க சார்’ என்று கேட்டதும் காரைச் சுற்றி வந்தார். பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. டயர்களை ஓடிவந்த சூட்டோடு அளந்தால் 34 இருக்கிற மாதிரி காற்றை இறக்கச் சொன்னார். ஷாக் அப்சார்பர் திருகை நான்கு கிளிக் தளர்த்தச் சொன்னார். “இவ்வளவு கல்லா இருந்தா டயர் தரையில நிக்காது தம்பி, குதிக்கும்” என்றார்.

மூன்றாவது செஷனில் அவர் ஓட்ட, நான் பக்கத்தில். முதலில் எனக்கு ஏமாற்றம்தான். வேகமே போகாத மாதிரி இருந்தது. டயர் கிறீச்சிடவில்லை, ஸ்டியரிங்கில் கை இரண்டு விரல் அளவுதான் அசைந்தது. திருப்பத்துக்கு முன்பே நேராக நிற்கும் காரில் பிரேக்கை முடித்துவிடுகிறார். திருப்பத்துக்குள் கார் ஆடுவதில்லை. வெளியே வரும்போது மெதுவாக, தோசைக்கல்லில் மாவை விரிக்கிற மாதிரி ஆக்ஸிலரேட்டரை விரிக்கிறார். இரண்டு வேகமான சுற்று, அடுத்த சுற்று பிரேக்கைத் தொடாமல் காற்று வாங்க விடுவது. இப்படியே மாற்றி மாற்றி.

போன் ஆப்பில் நேரத்தைப் பார்த்தோம். காலையில் உரிமையாளரின் சிறந்த சுற்று 2 நிமிடம் 14 விநாடி. பெரியவருடையது 2 நிமிடம் 6 விநாடி. நேர்பாதையில் பெரியவரின் உச்ச வேகம் உரிமையாளருடையதைவிடக் குறைவு!

“வண்டிக்குப் பவர் போதும் தம்பி. நல்ல பேட் போடுங்க, நல்ல டயர் போடுங்க. அந்த ஏத்தின பவர இறக்கிடுங்க, இந்த ஊரு வெயிலுக்கு அது வேலைக்காகாது. மிச்சக் காசுக்கு நாலு தடவை இங்க வந்து ஓட்டுங்க” என்றார். நம் தீர்ப்பும் அதுதான். ஐந்து லட்சத்தில் வாங்கிய 70 குதிரை தராத எட்டு விநாடியை, ஒரு பாட்டில் ஆயிலும் காற்று அளக்கும் மீட்டரும் பழகிய கால்களும் தந்துவிட்டன. கார் நல்ல கார். அதைக் கெடுத்துத்தான் காசு கொடுத்திருக்கிறார்.

மற்றொன்றையும் பெரியவர் சொன்னார். 2025 ஜனவரியில் துபாயில் பயிற்சியின்போது அஜித்தின் ரேஸ் கார் தடுப்பில் மோதிச் சுழன்ற வீடியோவை எல்லாரும் பார்த்திருப்போம். அவர் பெரிய காயமின்றி வெளியே வந்தார். ஆனால், அது உள்ளே இரும்புக் கூண்டு, பல முனை பெல்ட், கழுத்துப் பாதுகாப்புக் கருவி எல்லாம் உள்ள பந்தயக் கார். ரோட்டுக் காரில் அதெல்லாம் இல்லை. “அதனால டிராக்லயும் முழுசா ஓட்டாதீங்க. பத்து சதவிகிதம் பையில வெச்சுக்கங்க.”

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதில் இருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம். டிராக்குக்குள் ஓட்டும்போது யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால், வீட்டில் இருந்து டிராக் வரை இருக்கிற 40 கிலோமீட்டர் பொதுச்சாலை! ஆகவே, நிஜமாகவே மாற்றி அமைத்த கார்களை வைத்திருப்பவர்கள் வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள்.

இன்ஷூரன்ஸும் கவனிக்க வேண்டியது. வழக்கமான கார் பாலிசியில் ‘பந்தயம், வேகச் சோதனை’ போன்றவற்றுக்குப் பாதுகாப்பு கிடையாது என்று எழுதியே இருக்கும். டிராக்கில் கார் சுவரில் மோதினால் செலவு முழுவதும் உங்கள் பாக்கெட்டில் இருந்துதான். ரோட்டில் ரேஸ் விட்டால் அது தனிக் குற்றம். அதற்கும் அபராதம், சிறை இரண்டும் உண்டு.

மாலை ஐந்து மணி. ஸ்டெப்னி, குடை, பொம்மை எல்லாம் டிக்கிக்குள் திரும்பின. விற்கவில்லை என்று முடிவாகியிருந்தது, நிபந்தனைகளோடு. கம்பெனி ரீமேப்பும் கம்பெனி சைலன்சரும் திரும்பப் போட வேண்டும். பழைய சைலன்சர் பரணில் பத்திரமாக இருக்கிறதாம். ரோட்டில் இரவு ஓட்டம் கிடையாது. வருடத்துக்கு இரண்டு டிராக் டே. கடைசி நிபந்தனை மனைவியுடையது: அடுத்த முறை ஒரு செஷன் அவருக்கு. “ஓட்டத் தெரிஞ்சவங்கதான, வாங்கம்மா” என்றார் பெரியவர். ஹெல்மெட்டுக்குத் தலையளவு எப்படி எடுப்பது என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள், நான் கிளம்பும்போது.